பூஜ்யம் என்று வந்தால்

பை இடிக்குதா சார்? இருங்க, மடியில எடுத்து வெச்சுக்கறேன். உள்ள கம்ப்யூட்டர் இருக்கு, மேல் தட்டுல வைக்கப் பயம். மதுரைக்கா? நானும் மதுரைதான். அங்க அக்கா வீட்டுல இறங்கிட்டு நாளைக்கு மெட்ராஸ். நாகர்கோவில்ல இன்னைக்குக் காலையில ஒரு விசாரணை. விசாரணைன்னா கோர்ட்டு இல்ல, போலீஸ் இல்ல. ஒரு நர்ஸிங் பள்ளி, அதோட நிர்வாகக் குழு. ஆனா எனக்கென்னவோ கூண்டுல ஏத்தின மாதிரிதான் இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷமா எழுதிப் பிழைக்கறவன் சார் நான். ஒரே ஒரு வரிக்காகக் கூப்பிட்டு நிக்க வெச்சுட்டாங்க. நான் எழுதின வரின்னாலும் பரவாயில்ல. எழுதாத வரிக்கு.

கதை எழுதறவனான்னு நினைச்சுடாதீங்க. புதுசா ஒரு சாமான் வாங்கினா கூடவே ஒரு சின்னப் புத்தகம் இருக்கும் பாருங்க, இப்படிச் சொருகு, அப்படித் திருப்பு, தண்ணி படாம வையின்னு. அட்டைப்பெட்டியோட சேத்துத் தூக்கிப் போடுவோமே, அது. அதையும் யாரோ ஒருத்தன் உக்காந்து எழுதறான் இல்லையா, அவன்தான் நான். குலசேகரன்னு பேரு. முதல்ல இன்வெர்ட்டருக்கு எழுதினேன், அப்புறம் கிரைண்டருக்கு, அப்புறம் சாஃப்ட்வேருக்கு. என் கை வேற எதுக்கும் பேர் போனதில்ல, சுருக்கத்துக்குத்தான். நாலு வரியில சொல்றதை ஒரு வரியில சொல்லிடுவேன். ஒரு வார்த்தை அதிகம் இருக்காது.

இப்ப இருக்கற கம்பெனியில நாலு வருஷமாச்சு. காலேஜ், டிரஸ்ட், பள்ளிக்கூடம் இவங்களோட பழைய ரெக்கார்டுகளை எல்லாம் வாங்கி, ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல அடுக்கி வெச்சு, கேட்டா எடுத்துக் குடுக்கறோம். ஃபைல் தேடறதுக்குன்னு ஒரு டூல் இருக்கு. பேரையோ வருஷத்தையோ குடுத்தா அது எந்தெந்த ஃபைல்ல வருதுன்னு தேடிச் சொல்லும். முன்னாடி அதை மனுஷங்க ஓட்டினாங்க. அவங்களுக்குத் தொண்ணூறு பக்கம் எழுதிக் குடுத்தேன். போன வருஷம் மேனேஜர் நந்தகோபன் கூப்பிட்டார். இனிமே இதை மனுஷங்க ஓட்டப் போறதில்ல, ஏ.ஐ. ஏஜென்ட் ஓட்டப் போகுது, அதுக்குப் புரியற மாதிரி எழுதுங்கன்னார்.

ஏஜென்ட்னா வீடு பாத்துத் தர்றவர் இல்ல சார். அதுவும் ஒரு சாஃப்ட்வேர்தான். ஒரு மெயில் வந்தா அதுவே படிக்கும், அதுவே இந்த டூலை எடுத்துத் தேடும், அதுவே பதில் எழுதி அனுப்பிடும். நடுவுல ஆள் கிடையாது. ஆனா இந்த டூல் எதுக்கு, இதுக்கு என்ன குடுக்கணும், என்ன திரும்ப வரும், வந்ததை எப்படிப் புரிஞ்சுக்கணும்னு அதுக்கு ஒருத்தர் எழுதி வைக்கணும். ஒவ்வொரு தடவையும் வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி அந்தத் தாளை அது முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிக்கும். எனக்கு அதுல ஒரு சந்தோஷம் சார், மறைக்கறதுக்கு என்ன இருக்கு? இத்தனை வருஷத்துல நான் எழுதினதை முழுசாப் படிக்கற முதல் ஆசாமி அதுதான்.

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாதுன்னார் நந்தகோபன். தாள் நீண்டா அதுக்கு எது முக்கியம்னு குழம்பிப் போயிடுமாம். முதல்ல அறுநூத்தி நாப்பது வார்த்தை வந்துச்சு. செதுக்கிச் செதுக்கி இருநூத்திப் பத்துக்குக் கொண்டு வந்தேன். யாராலயும் முடியாது.

அங்கதான் அந்தப் பொண்ணு வர்றா. அன்புச்செல்வின்னு பேரு, அரியலூர்ப் பக்கம். டெஸ்டர். அதாவது நாங்க செஞ்சதை எல்லாம் ஓட்டிப் பாத்து எங்க உடையுதுன்னு கண்டுபிடிக்கற வேலை. எழுதறது அவ வேலை இல்ல. ஒருநாள் மீட்டிங்ல பத்துப் பன்னெண்டு பேர் உக்காந்திருக்கோம், என் தாளைத் திரையில போட்டிருக்கு. இவ கையைத் தூக்கினா. இந்த டூல் எழுத்தைத்தான் சார் தேடும், கையால எழுதின பழைய ரிஜிஸ்டரை எல்லாம் படமாத்தானே வெச்சிருக்கோம், படத்துக்குள்ள அதால பாக்க முடியாது, அங்க பேர் இருந்தாலும் பூஜ்யம்னுதான் விடை வரும், நிஜமாவே பேர் இல்லைன்னாலும் அதே பூஜ்யம்தான் வரும், ரெண்டுக்கும் வித்தியாசம் உங்க தாள்ல இல்லையேன்னா. நந்தகோபன் என்னைப் பாக்கலை. அவளைப் பாத்து, நல்ல பாயிண்ட்டும்மா, நீயே ஒரு வரி சேத்துடுன்னார்.

சேத்தா. அதுவும் எப்படி? நாங்க இங்கிலீஷ்லதான் எழுதுவோம், தமிழ்ல சொன்னா இப்படி வரும்: ‘விடை பூஜ்யம் என்று வந்தால், அந்த ஆவணம் இல்லை என்று சொல்லாதே. தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல். படமாக உள்ள பழைய பதிவேடுகளை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்றும் சொல்.’ மூணு வாக்கியம் சார். நான் முழு டூலையும் சொல்லி முடிச்ச இடத்துல, இவ பூஜ்யத்துக்கு மட்டும் மூணு வாக்கியம்.

எனக்கு அது உறுத்திச்சு. அவ மீட்டிங்ல சொன்னதுக்காக இல்ல. அதுக்காக இல்லவே இல்ல. சின்னப் பொண்ணு, எனக்கென்ன அவமேல? ஆனா எழுத்துன்னு ஒண்ணு இருக்கில்ல? கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னுதான் அர்த்தம், அதைப் போய் விளக்குவாங்களா? ஒரு வாரம் கழிச்சு அவ சீட்டுக்கே போனேன். நல்லாத்தான் பேசினேன், டீ வாங்கிக் குடுத்துத்தான் பேசினேன். இடம் இல்லம்மா, இந்த மூணு வாக்கியத்துக்கு என்னோடதுல ரெண்டு விஷயம் வெளிய போகணும், நீ டெஸ்டிங்ல கெட்டிக்காரி, எழுத்து வேற கலைன்னேன். அவ ஒரு தடவைக்கு ரெண்டு தடவையாச் சொன்னா, இது இருக்கணும் சார்னு. நான் உன் எழுத்துல கை வைக்க மாட்டேன், அது மரியாதை இல்ல, நீயா எடுத்தா எடுன்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டே இருந்தேன். எடுத்துட்டா.

இதுல என் தப்பு என்ன சொல்லுங்க? நான் தொடக்கூட இல்ல.

மூணு மாசம் நல்லா ஓடிச்சு. ஒரு நாளைக்கு நூறு மெயில், நூத்தி இருபது மெயில், ஏஜென்ட் பட்டு பட்டுன்னு பதில் போடுது. அப்பத்தான் மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அவங்ககிட்ட வேலை பாக்கற நர்ஸுங்க சர்டிபிகேட்டை எல்லாம் சரிபாத்திருக்காங்க. பிலோமினான்னு ஒரு அம்மா, அங்க இருபத்திநாலு வருஷ சர்வீஸ். ஆஸ்பத்திரிக்காரங்க நாகர்கோவில் நர்ஸிங் பள்ளிக்கு மெயில் போட, பள்ளி ரெக்கார்டு எல்லாம் எங்ககிட்ட இருக்கறதால ஏஜென்ட் எடுத்து, தேடி, பதில் போட்டிருச்சு. அதை நான் பாத்தேன். ரொம்ப அழகான வாக்கியம் சார். ‘இந்தப் பெயரில் எங்கள் நிறுவனத்தில் எவரும் பயிலவில்லை.’ ஒரு வார்த்தை அதிகம் இல்ல.

அன்னைக்கே அந்தம்மாவை நிறுத்திட்டாங்க. போலி சர்டிபிகேட்டுன்னு. மருந்து அலமாரிச் சாவியை, அவங்களே வேலை கத்துக் குடுத்த பொண்ணுகிட்ட ஒப்படைச்சுட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு வாங்க மாட்டேன்னு அழுதுச்சாம், இவங்கதான் கையில திணிச்சுட்டு வந்தாங்களாம். ஏழு வாரம் வேலை இல்ல. பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்காங்க, அங்க ரிஜிஸ்டர் எல்லாம் மெட்ராஸ் கம்பெனியில இருக்குன்னு சொல்லியிருக்காங்க. நேரா எங்க ஆபீஸுக்கு வந்துட்டாங்க.

காலையில பத்து மணிக்கு வந்து ரிசப்ஷன்ல உக்காந்தவங்க மத்தியானம் வரைக்கும் எழுந்திரிக்கலை. நந்தகோபனுக்குத் தயக்கம், என்னை அனுப்பினார், நீங்கதான் எதையும் புரியற மாதிரி சொல்லுவீங்கன்னு. போனேன். பிளாஸ்டிக் கவர்ல சர்டிபிகேட், ஒரு குரூப் போட்டோ. ரெண்டாவது வரிசையில மூணாவதா நிக்கறது நான்தான் சார்னு விரலை வெச்சுக் காட்டினாங்க. நான் அரை மணி நேரம் விளக்கினேன். எழுத்துன்னா என்ன, படம்னா என்ன, டூல் எங்க பாக்கும், எங்க பாக்காது, எல்லாம். பொறுமையாக் கேட்டாங்க.

“அப்ப அதால அந்த ரிஜிஸ்டரைப் படிக்க முடியலை.”

“ஆமாம்மா.”

“படிக்க முடியலைன்னு சொல்ல வேண்டியதுதானே சார்? நான் படிக்கவே இல்லைன்னு ஏன் சொல்லுச்சு?” கோபமாக்கூடக் கேக்கலை. “கையில நாடி கிடைக்கலைன்னா நாங்க ஆள் செத்துட்டார்னு எழுத மாட்டோம். கழுத்துல வெச்சுப் பாப்போம். இதை அதுக்குச் சொல்லிக் குடுக்கறது யாரு? நீங்களா?”

இல்லம்மா, அது டெஸ்டிங் பாக்கறவங்க கவனிக்க வேண்டியதுன்னேன். பொய் இல்ல சார். கவனிக்க வேண்டியவங்கதானே டெஸ்டிங்? நான் எழுதறவன்.

யாருகிட்டயும் கேக்காம அன்புச்செல்வி அன்னைக்கே உக்காந்துட்டா. தொண்ணூறுகள்ல இருந்து அந்தப் பள்ளியோட ரிஜிஸ்டர் படம் ஆயிரத்து நானூறு பக்கம் இருக்கு. ஒவ்வொண்ணாத் திறந்து, மங்கின மை, கரையான் தின்ன ஓரம், எல்லாத்தையும் கண்ணாலயே படிச்சிருக்கா. மறுநாள் சாயங்காலம் கிடைச்சிருச்சு. வரிசை எண், பேர், அப்பா பேர், தேறியதுன்னு பிரின்சிபால் கையெழுத்து. அந்தம்மா ரெண்டு நாளும் அங்கயே உக்காந்திருந்தாங்க. இவ பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் குடுத்ததும், குடுத்த கையை அவங்க விடவே இல்ல. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். தேடினது நல்ல காரியம்தான், இல்லைங்கலை. ஆனா சம்பளம் வாங்கறோம், தேடறோம். அதுக்கு ஆபீஸே கூடி நின்னு பாக்கணுமா?

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதணும்னார் நந்தகோபன். எழுதினேன். நாலே வரி. மன்னிப்புங்கற வார்த்தை போடலை, போட்டா தப்பு நம்மளோடதுன்னு ஆயிடும் பாருங்க. அந்தம்மா படிச்சுப் பாத்துட்டு, ‘இவர் இங்கேதான் படித்தார்’ங்கற வரி கடைசியில இருக்கே, அதை முதல்ல போட முடியுமா சார்னு கேட்டாங்க. என் கடிதத்தை சார். நர்ஸு. போட்டுக் குடுத்தேன், என்ன பண்றது? ஆஸ்பத்திரியில திரும்பச் சேத்துக்கிட்டாங்க. பழைய வார்டு இல்ல. ஓ.பி.யில டோக்கன் குடுக்கற இடத்துல உக்கார வெச்சிருக்காங்களாம். ஒரு தடவை பேர் கெட்டா அப்படித்தானே, கடிதம் வந்தா மட்டும் ஒட்டிடுமா?

அப்புறம் ஆபீஸுக்குள்ள கேள்வி வந்துச்சு. அந்த மூணு வாக்கியத்தை எடுத்தது யாருன்னு. எங்க சிஸ்டத்துல யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு எல்லாம் பதிவாகி இருக்கும். சேத்தது அன்புச்செல்வி. எடுத்ததும் அன்புச்செல்வி. நந்தகோபன் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சார். ஏம்மா, நீயே சேத்து நீயே எடுத்திருக்கியேன்னார். அவ என்னைப் பாத்தா. நான் மேஜையைப் பாத்துட்டு இருந்தேன். என்னை யாரும் கேக்கலையே சார். கேள்வி அவகிட்டத்தான். கேக்காத கேள்விக்கு முந்திக்கிட்டுப் போய்ப் பதில் சொல்றவன் நான் இல்ல. அவளும் வாயைத் திறக்கலை. ஏன் திறக்கலைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. சார் சொன்னாருன்னு சொல்லியிருந்தா நான் என்ன மறுக்கவா போறேன்?

மறுத்திருக்க மாட்டேன். தெரியலை.

அந்த மாசக் கடைசியில அவளை ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. கிளம்பற அன்னைக்கு எல்லார் சீட்டுக்கும் வந்து சொல்லிட்டுப் போனா. எங்கிட்டயும் வந்தா. அந்த வரியை மட்டும் திரும்பப் போட்டுடுங்க சார்னா. அவ்வளவுதான்.

போட்டாச்சு. நான் போடலை, நந்தகோபனே போட்டுட்டார். அதுவும் எங்க? முதல் வரியா. என்னோட இருநூத்திப் பத்து வார்த்தைக்கும் தலையில அவளோட மூணு வாக்கியம் உக்காந்திருக்கு. ஏஜென்ட் எதைச் செஞ்சாலும் முதல்ல அதைத்தான் படிக்குது. இப்ப பதிலை எல்லாம் பாத்தா, ‘தேடிய இடத்தில் கிடைக்கவில்லை, பழைய பதிவேட்டை ஒருவர் பார்த்துச் சொல்வார்’னு எழுதுது. பாக்கறதுக்குன்னு ரெண்டு பேரைப் புதுசாப் போட்டிருக்காங்க. கேன்டீன்ல நான் போய் உக்காந்தா எதிர்ல இருக்கறவங்க சாப்பாட்டைச் சீக்கிரம் முடிச்சுக்கறாங்க. யார்கிட்டயும் நான் எதுவும் சொல்லலை. ஆனா எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு. சிரிச்சுப் பேசிட்டு இருந்தவங்க சார் எல்லாரும். அந்தப் பொண்ணு போனா, போறப்ப என் பேரையும் எடுத்துட்டுப் போயிட்டா.

இன்னைக்கு விஷயத்துக்கு வர்றேன். அந்த பிலோமினா அம்மா சும்மா இருக்கலை. நான் படிக்கலைன்னு என் பள்ளிக்கூடத்துப் பேர்ல சொன்னது யாருன்னு எனக்குத் தெரியணும்னு நிர்வாகக் குழுவுக்கு எழுதிப் போட்டுட்டாங்க. குழு எங்க கம்பெனியைக் கூப்பிட்டுச்சு. நந்தகோபன் என்னை அனுப்பினார். போய்ப் பாத்தா அன்புச்செல்வி உக்காந்திருக்கா. அரியலூர்லேருந்து வரச் சொல்லியிருக்காங்க, அந்தம்மா கேட்டுக்கிட்டதால. இளைச்சுப் போயிருந்தா. என்னைப் பாத்ததும் எழுந்து வணக்கம் சார்னா.

இப்ப இருக்கற பிரின்சிபால் அம்மாதான் தலைமை. வயசானவங்க, கண்ணாடியைக் கழட்டிக் கழட்டிப் போட்டுக்கறாங்க. வரியைச் சேத்ததும் எடுத்ததும் பதிவான தாள் அவங்க முன்னாடி இருந்துச்சு. அந்த வரி வேண்டாம்னு நீங்க சொன்னீங்களான்னு என்னைத்தான் நேராக் கேட்டாங்க. சுருக்கமா இருந்தா நல்லதுன்னு சொன்னேன்னேன். அது இல்ல நான் கேட்டது, எடுக்கச் சொன்னீங்களான்னாங்க. சுருக்கமா இருந்தா நல்லதுன்னு சொன்னேன்னு திரும்பவும் சொன்னேன். மூணாவது தடவை அவங்க கேக்கலை. அன்புச்செல்வி பக்கம் திரும்பிட்டாங்க.

அவ எழுந்து நின்னா. கையில துண்டுத் தாள்கூட இல்ல.

“சார் எடுக்கச் சொன்னாங்க. ஆனா எடுத்தது நான்தான். அது இருக்கணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே எடுத்தேன்.” அந்தம்மா பக்கம் திரும்பி, “உங்களுக்கு ஏழு வாரம் போனதுல என் கையும் இருக்கும்மா. மன்னிச்சுக்குங்க”ன்னா.

பிரின்சிபால் அம்மா ரொம்ப நேரம் எழுதினாங்க. எழுதி முடிச்சுட்டு, கம்பெனியோட ஒப்பந்தம் தொடரும், ஆனா எங்க பள்ளி ரிஜிஸ்டருக்கு அந்தத் தாளை முழுசா இந்தப் பொண்ணே புதுசா எழுதித் தரணும், அவளையே வெச்சு எழுதச் சொல்லி உங்க மேனேஜருக்குச் சொல்லிடுங்கன்னு என்கிட்டயே சொல்லி அனுப்பறாங்க. நான்தான் போய் நந்தகோபன்கிட்டச் சொல்லணும். என் இருநூத்திப் பத்து வார்த்தை வேண்டாம், அவ எழுதட்டும்னு என் வாயாலயே. ஆஸ்பத்திரிக்கும் அவங்களே நேர்ல போய்ப் பழைய வார்டுக்கு மாத்தச் சொல்லிக் கேப்பாங்களாம். கேப்பாங்க, அவ்வளவுதான், மாத்துவாங்களான்னு யாருக்குத் தெரியும்?

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்தப்ப இதுக்கு முந்தின மதுரை பஸ் கிளம்பத் தயாரா நின்னுச்சு. அவங்க ரெண்டு பேரும் அதுல ஏறி உக்காந்திருந்தாங்க, அவ ஜன்னல் ஓரம், அந்தம்மா பக்கத்துல. இடம் நிறைய இருந்துச்சு சார். கண்டக்டர் என்னைப் பாத்து வாங்க வாங்கன்னு கூப்பிடறான். நான் ஏறலை. கடை நிழல்ல நின்னுட்டேன். பஸ் பின்னாடி எடுத்துத் திரும்பறப்ப அன்புச்செல்வி என்னைப் பாத்துட்டா. பாத்துட்டு, அந்தம்மா காதுகிட்டக் குனிஞ்சு ஏதோ சொன்னா. அந்தம்மாவும் திரும்பி என்னைப் பாத்தாங்க. பஸ் வாசலைத் தாண்டற வரைக்கும் பாத்தாங்க.

என்ன சொல்லியிருப்பான்னு நாங்குநேரி தாண்டியும் யோசிச்சுக்கிட்டே வர்றேன். இந்தாளுதான், இவனாலதான்னு திட்டியிருந்தா எனக்கு நிம்மதி சார், அத்தோட தீர்ந்துச்சு. அவ திட்ட மாட்டா. எனக்கு அவளைத் தெரியும். என்னைப் பத்தி நல்லதா ஏதோ ஒண்ணு சொல்லியிருக்கா.